சர்வர் மாற்றிய ஆண்டு: செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டங்கள், சந்தா வசூல், ஆயுதபூஜை எல்லாம் வழக்கம்போல் நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது சர்வர் விஷயம்.

நம் அலுவலகத்தின் இரண்டு சர்வர்களில் உறுப்பினர் கடைகளுக்காகப் பதினொரு விஎம் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள்) ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் மென்பொருளுக்கு ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ், ஆயுசுக்கும் கவலையில்லை என்று போன பொதுக்குழுவில் சொன்னது நான்தான். விற்ற நிறுவனம் ஆண்டுச் சந்தாவுக்கு மாறிவிட்டது. பழைய லைசென்ஸ் செல்லும், ஆனால் சப்போர்ட்டைப் புதுப்பிக்க முடியாது. சந்தாவும் கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் அலகு) கணக்கில், அதிலும் பிராசஸருக்குக் குறைந்தது 16 கோர். நம் நான்கு பிராசஸரிலும் எட்டெட்டுக் கோர்தான். 32-ஐ வைத்துக்கொண்டு 64-க்குக் கட்ட வேண்டும். இல்லாத கோருக்கு என்னத்துக்கு வாடகை என்று பொருளாளர் கேட்டார், என்னிடம் பதிலில்லை.

மாற்றாக மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி பார்த்தோம், அதுவும் விண்டோஸ் சர்வர் லைசென்ஸில் போய் நிற்கிறது. எக்ஸ்சிபி-என்ஜி என்ற இலவச விஎம் மென்பொருள் நல்ல சரக்கு. ஜென்சர்வர் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் 2017 கடைசியில் சில வசதிகளை எடுத்துவிட்டதால் பிரிந்து வந்தது, ஏறக்குறைய நம் கதைதான். கடைசியில் வியன்னாக்காரர்களின் பிராக்ஸ்மாக்ஸ் என்ற விஎம் மென்பொருளை எடுத்தோம். அடியில் இருப்பது டெபியன் லினக்ஸும், விஎம்மை ஓட்டும் கேவிஎம்மும், அவை நம்மில் பாதிப்பேருக்குப் பழக்கம், ராத்திரி சர்வர் படுத்துக்கொண்டால் எழுப்ப ஆள் இருக்கிறது. காசு கட்டாவிட்டாலும் எந்த வசதியும் குறையாது.

லினக்ஸ் விஎம்கள் ஒரே நாளில் வந்துவிட்டன. விண்டோஸ்தான் கிளம்பாமல் நீலத்திரை காட்டியது, விஎம்மின் டிஸ்க்கை விண்டோஸ் அடையாளம் காண வேண்டிய விர்ட்ஐஓ டிரைவரை முன்கூட்டியே போடாதது எங்கள் தப்பு. டிஸ்க்கை முதலில் விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த சாட்டா வகையாக மாட்டி, உள்ளே போய் டிரைவர் போட்டு, டிரைவர் ஏற ஒரு சின்ன டம்மி டிஸ்க்கும் சேர்த்து, அப்புறம் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றி என்று ஒரு சனிக்கிழமை முழுசும் போனது. இரண்டு சர்வரையும் ஒரே குழுவாக இணைத்துக் கிளஸ்டராக்கினால், சர்வருக்கு ஒரு ஓட்டு என்பதால், ஒன்று படுத்ததும் மற்றதுக்குப் பெரும்பான்மை இல்லாமல் போய், நின்ற விஎம்மைக் கிளப்ப மறுக்கிறது! மூன்றாவது ஓட்டுக்கு மூலையில் கிடந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியைப் பிடித்து உட்காரவைத்தோம்.

இலவசம்தானே, இதற்கும் சந்தா எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சோதித்த அப்டேட்டுகளுக்காகக் கட்டலாம் என்பது என் எண்ணம், இங்கே கோர் கணக்கு கிடையாது, பிராசஸர் கணக்குதான், நான்குக்குக் கட்டினால் போதும். இன்றே ஓட்டுக்கு விடுகிறேன். பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தது இதுவரை இரண்டு விஎம் மட்டும், மிச்சம் ஒன்பதுக்கு ஞாயிற்றுக்கிழமை வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.