டென்மார்க்கின் பில்லுண்டிலிருந்து ஐயாவுக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். உங்களதும் அம்மாவினதும் நலமறிய ஆவலாயிருக்கிறேன். உங்கள் கடிதம் கார்த்திகையிலேயே கைக்கு வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு வேலையைச் சாட்டினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இங்குள்ள லெகோ பொம்மைக் கம்பனியின் விளையாட்டுப் பூங்கா குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டியிருக்கும். விடுதிகளுக்கு வரும் சனமும் குறைந்துவிடும். ஆகவே எனக்கும் ஓய்வு சற்று அதிகம். அதைப் பற்றி அம்மா யோசிக்க வேண்டாம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பனியைவிடக் காற்றுத்தான் கொடிது. பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. பாண் இங்கே கறுப்பாய், புளிப்பாய், செங்கல்போலக் கனக்கும். முதலில் தொண்டையில் இறங்கவில்லை, இப்போது அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளில் சம்பல் இடித்துச் சேர்த்துக்கொள்கிறேன். தூள் முடியப்போகிறது என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

ஊரில் எல்லாரும் சொல்லும் அந்த லெகோ பொம்மைக் கோடீசுவரர் உண்மையிலேயே தச்சர்தானா என்று கேட்டிருந்தீர்கள். தச்சர்தான், ஐயா. ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்று பெயர். 1891இல் பில்ஸ்கோ என்ற கிராமத்துக்கு அருகில் பிறந்தவர். 1916இல் இந்தப் பில்லுண்டில் ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார். வீடுகளுக்குக் கதவு, யன்னல், தளபாடம் என்று நீங்கள் செய்த அதே வேலைகள். 1924இல் அவருடைய சின்னப் பையன்கள் இருவர் பட்டறையில் மூட்டிய நெருப்பில் சீவல் பற்றிக்கொண்டு, பட்டறையோடு வீடும் எரிந்துபோனது. பிறகு அவர் கட்டிய வீடு வாசலில் இரண்டு சிங்கச் சிலைகளுடன் இன்றும் நிற்கிறது. வேலைக்குப் போகும்போது அதைக் கடந்துதான் போகிறேன். (அக்காவின் மகன் பட்டறைக்குள் ஓடித் திரிவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து சீவலை அன்றன்றே கூட்டி அள்ளிவிடச் சொல்லுங்கள்.)

1930களின் தொடக்கத்தில் உலகெங்கும் பணமுடை வந்தபோது வீடு கட்டுவோர் இல்லாமல் போயினர். வேலையாட்களை நிறுத்த வேண்டியதாயிற்று. 1932இல் மனைவியும் இறந்துபோக, நான்கு ஆண்பிள்ளைகளுடன் தனித்து நின்றார். அந்த ஆண்டில்தான் ஏணி, முக்காலி, துணி தேய்க்கும் பலகை ஆகியவற்றோடு மரத்தில் விளையாட்டுச் சாமானும் செய்யத் தொடங்கினார். கடனுக்குப் பிணை நின்ற சகோதரங்களே இந்தச் சிறுபிள்ளை வேலையை விட்டுவிடச் சொன்னார்களாம், அவர் விடவில்லை. 1934இல் நிறுவனத்துக்குப் பெயர் தேடி வேலையாட்களிடையே போட்டி வைத்து, ஒரு போத்தல் வைனைப் பரிசாக அறிவித்துவிட்டு, கடைசியில் தான் யோசித்த பெயரையே தேர்ந்துகொண்டார். 'நன்றாக விளையாடு' என்ற டேனிஷ் சொற்களைச் சுருக்கியதுதான் 'லெகோ'.

மேல்வீட்டுக் கிழவரும் ஓய்வுபெற்ற தச்சர். தன் பிறந்தநாளுக்குத் தானே தேசியக்கொடி ஏற்றும் மனிதர், நான் திருத்திய கதிரையைத் தலைகீழாய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டு பூச்சுத்தானே?" என்று கேட்டார். அதன்பின் அவர் சொன்ன கதை இது. ஓலே கிர்க்கின் மகன் கொட்பிரெட், மர வாத்துகளுக்கு மூன்று முறை பூச வேண்டிய வார்னிஷை இரண்டு முறை மட்டும் பூசி அனுப்பிவிட்டு, காசு மிச்சம் பிடித்ததைத் தகப்பனிடம் பெருமையாய்ச் சொன்னானாம். தகப்பன் அவனை ரயில் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிப் பெட்டிகளைக் கொண்டுவரச் செய்து, இரவிரவாகத் தனியே மூன்றாவது பூச்சைப் பூச வைத்தாராம். கிழவர் சொல்லிக்கொண்டிருக்க எனக்குச் சின்னம்மாவின் கலியாணக் கட்டில் கண்ணுக்குள் வந்தது. முதிரைக் காலில் நான் விட்ட ஒரு கீறலுக்காக, விடியும்வரை தேய்க்க வைத்துவிட்டு, நீங்களும் உறங்காமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கிழவரின் கொட்டிலிலும் சீவல் மணக்கிறது. ஆனால் அது நம் வேப்பம் சீவலின் மணம் அல்ல. இங்கே வேறு எதற்கும் நான் அழுததில்லை, ஐயா.

தம்பி வாங்கத் துடிக்கும் மிஷின் விடயத்துக்கு வருகிறேன். 1942இல் தொழிற்சாலை மறுபடியும் எரிந்து, அதையும் திரும்பக் கட்டியெழுப்பிய பிறகு, 1946இல் ஓலே கிர்க் பிளாஸ்டிக் வார்க்கும் மிஷின் ஒன்றை 30,000 குரோனருக்கு வாங்கினார். 1949இல் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் சந்தைக்கு வந்தும் பல ஆண்டுகள் விற்பனை மந்தம். கட்டைக்குள் குழாய் வைத்துப் பிடிப்பை இறுக்கும் முறைக்கு மகன் கொட்பிரெட் 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமை கோரினார். தகப்பன் மார்ச் 11ஆம் திகதி காலமானார். ஆறு வாரம். பெருஞ்செல்வம் வந்ததெல்லாம் மகன், பேரன் காலத்தில். கோடீசுவரர் என்று இவரைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே தம்பியை மறிக்க வேண்டாம். அவனுக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆனால் போட்ட காசு அடுத்த தைக்குள் திரும்பிவிடும் என்று அவன் சொல்வதை நம்பிக் கிணற்றடிக் காணியை ஈடு வைக்க வேண்டாம். புதியதன் விலையையும் பழையதன் விலையையும் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். என் பங்கைச் சித்திரைக்குப் பிறகு அனுப்புகிறேன். இந்த மாதக் காசு பத்து நாள் பிந்தும். இங்கே வங்கியில் ஏதோ தாமதம். பின்கொட்டிலில் உள்ள முதிரைப் பலகைகளை அத்தான் விலைபேச வந்தால், மகனைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்