கயலுக்கு, அந்த வாத்து வீடியோ பற்றி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பொங்கல் ஆயிற்று, கெடிலத்தில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு "சாப்பிட்டியா"வுக்கு மேல் வாய் வராது.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ரோட்டோரம் அடிபட்டுக் கிடக்கும் வாத்து, பக்கத்தில் நகராமல் நிற்கும் அதன் ஜோடி. கீழே "நானும் இப்படித்தான்ப்பா" என்று ஒரு வரி.

விலங்கியல் வாத்தியாரிடம் வாத்தை அனுப்பிவிட்டாய், கொஞ்சம் பாடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அங்கே இருப்பது கனடா வாத்து. நம்ம பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கூட்டமாக ஓட்டி மேய்க்கிறார்களே, அவற்றோடு இதைச் சேர்க்காதே. அவற்றுக்கு நிலையான ஜோடி கிடையாது. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிக் கூந்தன்குளம் வரை வருகிறதே வரித்தலை வாத்து, அதுதான் கனடா வாத்துக்குப் பங்காளி. குமரியிலிருந்து வடமலைக்குத் திரும்பும் அன்னச்சேவலிடம், வழியில் உறையூரில் சோழனைப் பார், உன் பேடைக்கு நகை தருவான் என்று பிசிராந்தையார் பாடினாரே, அது இந்தப் பறவைதானோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

இவை ஜோடி சேர்ந்தால் வருஷம் முழுக்க ஒன்றாகவே இருக்கும். பேடை 28 நாள் போல அடைகாக்கும், சேவல் பக்கத்திலேயே காவல் நிற்கும். குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுக்க அப்பா அம்மாவோடுதான். வலசை வழியைக் கற்பதும் அவர்களிடமே.

ஆஸ்திரியாவில் கிரூனாவ் என்ற ஊரில் 1973 முதல் சாம்பல் வாத்துக் கூட்டம் ஒன்றை ஒவ்வொரு பறவையாக அடையாளம் வைத்துக் கவனித்து வருகிறார்கள். தொடங்கிவைத்தவர் கான்ராட் லோரன்ஸ். நோபல் பரிசு வாங்கியதும் அதே வருஷம்தான். (நாஜிக் கட்சியில் இருந்தவர். அதையும் சொல்லித்தான் அவரைப் பற்றிப் பாடம் எடுப்பேன்.) துணையை இழந்த வாத்துக்குக் கண் குழிந்துபோகும், தலை தொங்கும். நேற்றுவரை தனக்குப் பயந்த சின்னப் பறவைகளிடம்கூடக் கொத்து வாங்கிக்கொண்டு விலகிப்போகும். பின்னால் அங்கேயே, உடம்புக்குள் சின்னக் கருவி வைத்து இதயத்துடிப்பை அளந்தார்கள். எங்கோ இரண்டு வாத்து சண்டை போட்டால் பார்க்கிற வாத்துக்குத் துடிப்பு கொஞ்சம் ஏறும். சண்டை போடுவது தன் ஜோடியோ குடும்பமோ என்றால், சும்மா நின்று பார்த்தாலும் இன்னும் அதிகமாக ஏறும். ஆகவே அந்த வீடியோவில் நீ பார்த்தது உன் மனப்பிரமை இல்லை.

கூட்டத்தில் மரியாதையும் அப்படித்தான். குஞ்சுகளோடு இருக்கும் குடும்பத்துக்கு முதல் இடம், அப்புறம் ஜோடி, தனிப்பறவை கடைசி. இதைப் படிக்கும்போது நெல்லிக்குப்பம் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. ஆரத்தித் தட்டை உன் கையிலிருந்து வாங்கி வேறு ஒருத்தியிடம் கொடுத்தார்களே. நீ ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டாய். அதன் பிறகு சமையற்கட்டுப் பக்கம் அம்மா போட்ட சண்டை உனக்குத் தெரியாது. பந்தியில் உட்காராமலேயே கிளம்பி வந்தோம்.

சரி, சொல்ல வந்தது இது. துணை போனால் வாத்து கடைசிவரை தனியாகவே இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பாதிதான் உண்மை. கனடா வாத்திலும் சாம்பல் வாத்திலும், துணையை இழந்தவற்றில் பல மறுபடி ஜோடி சேர்கின்றன. சில சீக்கிரமே சேரும், சிலவற்றுக்கு வருஷங்கள் ஆகும், சில தனியாகவே இருந்துவிடும். வீடியோ எடுத்து அனுப்புகிறவர்கள் அந்த மூன்றாவதை மட்டும்தான் அனுப்புகிறார்கள். இதில் நீ எது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மூன்றும் உண்டு என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் உன் பேச்சில் ஆபீஸ் நண்பர் ஒருவர் பெயர் அடிக்கடி வரும். பனியில் வண்டி கிளம்பாத அன்று கொண்டுவந்து விட்டார், காய்ச்சலுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார் என்றெல்லாம் சொல்வாய். தீபாவளிக்குப் பிறகு அந்தப் பெயரே வரவில்லை. வேறு காரணம் என்றால் அது உன் விஷயம், நான் கேட்கமாட்டேன். எங்களை நினைத்து நிறுத்திக்கொண்டாய் என்றால், வேண்டாம் கண்ணு. மாப்பிள்ளை படம் ஹாலில் எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் இருக்கும். சம்பந்தி வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டாள். அவர் மீன் சாப்பிடுவாரா என்று கேட்கச் சொல்கிறாள்.

அப்பா
கடலூர்