கத்தரி வைப்பதற்கு முன்னால்

அன்புக் கண்ணுவுக்கு,

ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்டில் கைவினைப் பொருள் கடையில் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். மளிகைக் கடைக்கு வருகிறவர் சாமானை எடுத்துக்கொண்டு பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார். உன் கடைக்கு வருகிறவர் பாதி செய்து வைத்த ஒன்றை மனதில் சுமந்துகொண்டு வருவார். எவ்வளவு வேண்டும், எது பொருந்தும் என்று உன்னைத்தான் கேட்பார். இதைச் சொல்லிக்கொடுக்க இந்த மாதிரிக் கடைகளில் நேரம் ஒதுக்குவது குறைவு. நான்கு வீடியோ, ஒரு ஏப்ரன், அவ்வளவுதான். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புகிறேன்.

துணி அளந்து வெட்டும் மேசையில் உன்னைப் போட்டால் மறுக்காதே. 1943இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய ஜோஆன் என்ற துணி, கைவினைக் கடைத் தொடர், 2025 மே மாதத்தோடு மீதமிருந்த கடைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதன் பெயரை மைக்கேல்ஸ் என்ற இன்னொரு கைவினைக் கடைத் தொடர் வாங்கிக்கொண்டது. அங்கே துணி வாங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் இப்போது மற்றக் கடைகளில் வந்து நிற்கிறார்கள். துணி தெரிந்த கைகள் அந்த அளவுக்கு இல்லை.

ஒரு கஜம் 36 அங்குலம். கால் கஜம் 9, அரைக்கால் கஜம் 4½, முக்கால் கஜம் 27, ஐந்து அரைக்கால் 22½. இதை யோசிக்காமல் சொல்ல வரவேண்டும். கால் கஜம் கேட்பவரிடம் "நீளத் துண்டா, ஃபேட் குவார்ட்டரா?" என்று கேட்டுவிடு. முன்னது 9 அங்குலத்துக்குத் துணியின் முழு அகலம். பின்னது 18க்கு 22. பரப்பளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பை தைக்க நீளத் துண்டு உதவாது. துணி சுற்றி வரும் அட்டையைப் போல்ட் என்பார்கள். அதில் துணி இரண்டாக மடித்துச் சுற்றியிருப்பதால் 44 அங்குல அகலம் பார்க்க 22 போலத் தெரியும். அதை நம்பி இரண்டு மடங்கு கேட்பவர்கள் உண்டு, சொல்லிவிடு.

வெட்டும் முன் போல்ட்டின் முனையைப் பார். முந்தையவர் கோணலாக வெட்டியிருந்தால் அங்கிருந்து அளந்தால் ஒரு ஓரத்தில் ஒரு அங்குலம் குறைந்துபோகும். முதலில் நேராக்கு, பிறகு அள. பனியன் துணி மாதிரி இழுபடுவதை மேசையில் தளர்வாகப் போட்டு அளக்கவேண்டும். இழுத்துப் பிடித்து அளந்தால் வீட்டுக்குப் போனதும் அது சுருங்கிக்கொள்ளும், அவருக்குத் துணி பற்றாது. வெல்வெட், கார்டுராய்க்கு ரோம ஓட்டம் ஒரே திசையில் இருக்கும். துண்டுகளை மேல்கீழாகத் திருப்பிப்போட்டு மிச்சம் பிடிக்க முடியாது, அதனால் கூடுதலாக வாங்கச் சொல்.

அதிகம் தவறு நடப்பது திரைச்சீலையில்தான். ஜன்னலுக்கு 90 அங்குல நீளத்தில் இரண்டு திரை என்றால் 180 அங்குலம், 5 கஜம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். பூ வேலை 27 அங்குலத்துக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள். இரண்டு திரையிலும் பூ ஒரே உயரத்தில் நிற்கவேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் முழுதாக நான்கு பூ, அதாவது 108 அங்குலம் வேண்டும். ஆக 6 கஜம். இதைக் கத்தரி வைப்பதற்கு முன்னால் சொன்னால் நன்றி சொல்வார். அப்புறம் சொன்னால் அந்த 5 கஜம் யாருக்கும் உதவாது. வெட்டிய துணியைப் பெரும்பாலும் திரும்ப எடுக்கமாட்டார்கள். அளவை வாய்விட்டுச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகே வெட்டு. பின்னால் வரிசை நீண்டு நிற்கும், மேனேஜர் பார்ப்பார். அப்போதும் இந்த ஒரு கேள்வியை விடாதே.

நூற்கண்டு வாங்குகிறவர்களுக்கு லேபிளில் உள்ள டை லாட் எண்ணைக் காட்டு, ஒரே தடவையில் சாயம் போட்ட கண்டுகளுக்கு அது ஒன்றாக இருக்கும். நிறத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் ஸ்வெட்டரில் பட்டை தெரியும். ஒரே லாட்டில் போதவில்லையா, இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றிப் பின்னச் சொல்.

படத்துக்குச் சட்டம் போடும் ஃபிரேம் கவுன்ட்டர் இன்னொரு உலகம். விலை யுனைட்டட் இஞ்சில் போடுவார்கள், அகலமும் உயரமும் கூட்டியது. படத்தைச் சுற்றி ஃபிரேமுக்குள் வைக்கும் அட்டைக்கு மேட் என்று பெயர். 8க்கு 10 படம் என்றால் மேட்டின் நடுவே வெட்டும் ஜன்னல் 7¾க்கு 9¾ இருக்கவேண்டும், சுற்றிலும் 1/8 அங்குலம் படத்தைப் பிடித்துக்கொள்ள. இரண்டு அங்குல மேட் வைத்தால் வெளி அளவு 11¾க்கு 13¾, கூட்டினால் 25½. படத்தின் ஓரத்தில் கையெழுத்து இருந்தால் அந்த 1/8 அதை மறைத்துவிடும், முன்பே கேள். அகலத்தை முதலில் எழுது, எந்தப் பக்கம் மேலே என்று குறி போடு. பாஸ்டல், அதாவது பொடி உதிரும் வண்ணக்கட்டியால் வரைந்த ஓவியத்துக்கு, முன்னால் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு வேண்டாம். அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான் சரி.

பீவர்டன், ஹில்ஸ்பரோ பக்கம் நம் ஜனங்கள் நிறைய. ஊரிலிருந்து பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த தஞ்சாவூர் ஓவியம் உன் மேசைக்கு நிச்சயம் வரும். கூட இருப்பவர்கள் அதைக் காகிதப் படம் போல அளப்பார்கள், விடாதே. பலகைமேல் ஒட்டியது அது. சுண்ணப் பசையில் புடைத்த வேலை, அதன்மேல் தங்க ரேக்கு, பதித்த கற்கள். பலகையின் கனம், மிக உயர்ந்த கல்லின் உயரம் இரண்டையும் அளந்து, அதற்கு ஆழமுள்ள ஃபிரேமைத் தேர்ந்தெடு. கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடைவெளி விட ஸ்பேசர் என்ற ஓரப் பட்டை கட்டாயம். கண்ணாடி தொட்டால் கல் பெயரும், ரேக்கு ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். துடைத்துத் தருகிறேன் என்று ஈரத்துணியை அதன்பக்கம் கொண்டுபோகாதே.

லாரி வரும் நாளில் பெட்டியைப் பிரிக்கும் கத்தியை ஆழமாக இறக்காதே. டேப்புக்கு அடியிலேயே நூற்கண்டும் ஃபெல்ட்டும் இருக்கும். எந்தச் சரக்கு எங்கே என்று காட்டும் பிளானோகிராம் தாளில் உள்ளபடி கொக்கிகளை மாட்டு. ஒரு சரக்கு இல்லையென்றால் பக்கத்துச் சரக்கைப் பரப்பி அந்த வெற்றிடத்தை, ஓட்டையை, மறைக்காதே. ஓட்டை தெரிந்தால்தான் ஒருவர் ஸ்கேன் செய்வார். யாரோ திருடிப்போன கத்தரிக்கோல் கம்ப்யூட்டரில் மூன்று என்று நின்றுகொண்டிருக்கும். எண்ணிக்கையைத் திருத்தாதவரை புதுச் சரக்கு வராது. நவராத்திரி சமயத்தில் கொலுவுக்கு ஃபோம் போர்டும் சரவிளக்கும் கேட்டு வருவார்கள். அதற்குள் முன்பகுதி முழுக்கக் கிறிஸ்துமஸ் ஏறியிருக்கும், எங்கே நகர்ந்தது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்.

கூப்பன் சண்டை தினமும் வரும். கூப்பன் எந்தச் சரக்குக்குச் செல்லாது என்ற விலக்குப் பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். அதை அவருக்குப் படித்துக் காட்டு, அதற்கு மேலும் சண்டை போட்டால் மேற்பார்வையாளரைக் கூப்பிடு. நீ வாதாடாதே.

இனி உன் நேரம். ஓரிகனில் சட்டம் உன் பக்கம் நிற்கிறது. உலகம் முழுக்க 500 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற சில்லறை வியாபார கம்பெனி என்றால் வேலை அட்டவணையை 14 நாள் முன்னால் எழுத்தில் தரவேண்டும். அதற்குப் பிறகு சேர்க்கும் ஷிஃப்டை நீ மறுக்கலாம். இரவு கடையடைத்துவிட்டு 10 மணி நேரத்துக்குள் மறுபடி வரச்சொன்னால் உன் சம்மதம் வேண்டும், அந்தப் 10 மணி நேரத்துக்குள் விழும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. நான்கு மணி நேரத்துக்குச் சம்பளத்தோடு 10 நிமிட ஓய்வு. ஆறு மணி நேர ஷிஃப்டில் சாப்பிட அரை மணி. ஆள் குறைவு என்பதற்காக இதை விட்டுக்கொடுக்காதே. ஆளைக் குறைத்தது நீ இல்லை. உன் அறைத்தோழி எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறாள் அல்லவா, அவளையும் இந்த வேலைக்கு அழைத்துக்கொண்டு போகாதே. அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்தால் அவள் விசா நிலையே போய்விடும்.

ஜனவரியில் மணிநேரம் பாதியாகும், பண்டிகைக்கு எடுத்தவர்களை அனுப்பிவிடுவார்கள். அப்போது வைத்துக்கொள்வது பெரும்பாலும் துணி வெட்டவும் ஃபிரேம் அளக்கவும் தெரிந்தவர்களை. அதனால் ஃபிரேம் கற்றுக்கொள்ள ஆசை என்று நவம்பரிலேயே மேனேஜரிடம் சொல்லிவை. தடித்த அடிப்பாகமுள்ள ஷூவும் ஒரு நல்ல அளவு டேப்பும் வாங்க உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா