தம்பி படகு வாங்குவதற்கு முன்

ஒரில்லியா, கனடா
புரட்டாசி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதும், மஞ்சளுக்குக் களை எடுத்து மண் அணைத்துவிட்டதும், மேற்கால வீட்டு அத்தை மறுபடியும் நம் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கியிருப்பதும் அறிந்து மனம் நிறைந்தது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், தம்பியும் பூலாம்பட்டி மாமாவும் கூட்டாக ஒரு விசைப்படகு வாங்கி, நெரிஞ்சிப்பேட்டைத் துறையிலிருந்து அக்கரைக்கு ஆள் ஏற்ற யோசிக்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். நீண்ட நாளாகக் கடிதம் எழுதாமல் இருந்த என்னை உடனே உட்கார்ந்து எழுத வைத்தது அந்த இரண்டு வரிதான்.

நான் இருக்கும் இந்த ஊர் கூச்சிச்சிங் என்ற ஏரியின் கரையில் இருக்கிறது. அதற்குத் தெற்கே சிம்கோ என்ற இன்னும் பெரிய ஏரி. இரண்டையும் ஒரு குறுகிய நீர்வழி இணைக்கிறது. இங்குள்ள பழங்குடி மக்கள் 4,500 ஆண்டுகளுக்கும் முன்பே அந்த இடத்தில் மரக்கழிகளை நட்டு மீன்வேலி அமைத்திருக்கிறார்கள். அந்தக் கழிகளில் சில நீருக்கடியில் இன்றும் இருக்கின்றன. கோடையில் நம் ஊர்ச் சந்தை நாளைப் போல அந்த வழி படகுகளால் நிறைந்துவிடும். அத்தனை படகுகள் இருந்தும் ஒன்றோடொன்று மோதாமல், கரையோரம் குளிக்கும் குழந்தைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் போய்வருவதை நான் வேலை செய்யும் விடுதியின் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். இந்த ஒழுங்கு தானாக வந்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். தெருவில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பதோடு சரி, ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் தமது சிறிய அலுமினியப் படகில் கால் வைத்துவிட்டால் ஓர் ஆசிரியராகவே மாறிவிடுவார். ஐம்பது ஆண்டுகளாக அவரோடு வாழும் மனைவியானாலும், லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்த பிறகுதான் எஞ்சினைத் தொடுவார். தூக்கும்போது ஜாக்கெட் முகவாய்க்கு மேலே ஏறி வந்தால் அது தளர்ச்சி என்று பொருள். தண்ணீரில் விழுந்தால் ஆள் கீழே நழுவ, ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும். வாரை இறுக்கி, கொக்கி பூட்டும் சத்தம் காதில் விழுந்த பிறகு மறுபடியும் தூக்கிப் பார்ப்பார். பேரக்குழந்தைகளின் ஜாக்கெட்டில் கால்களுக்கு இடையே செல்லும் ஒரு வாரும், கழுத்துக்குப் பின்னால் பிடித்துத் தூக்குவதற்கு ஒரு கைப்பிடியும் இருக்கின்றன. பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிடுவது மாட்டாமல் இருப்பதற்குச் சமம் என்று அவர் சொல்வார். படகில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை ஜாக்கெட்டுகள், அதுவும் அவரவர் உடல் அளவுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம்.

புறப்படும் முன் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வருவார். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் வீட்டில் இருப்பவர் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஒன்றைத் தமது ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்வார். ஓட்டுபவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே ஏறாது. இந்தக் கயிற்றைத் தம்பி அவசியம் கேட்டு வாங்க வேண்டும்.

அவர் வற்புறுத்தியதால் நானும் படித்துத் தேர்வு எழுதிப் படகோட்டும் அட்டை பெற்றுவிட்டேன். இங்கே சொந்தப் படகானாலும் எஞ்சின் வைத்ததை ஓட்ட 2009ஆம் ஆண்டு முதல் எல்லோருக்கும் அந்த அட்டை தேவை. ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றி ஓட்டும்போது எஞ்சினின் சக்திக்கு வரம்பு உண்டு: 12 வயதுக்குக் கீழே 10 குதிரைத்திறன், அதற்கு மேலே 40. கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. மனிதர் நடக்கும் வேகத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அவ்வளவுதான். படகு கிளப்பும் அலை கரையை அரிக்கும், கட்டிவைத்த படகுகளை ஒன்றோடொன்று மோதவிடும், கழுத்தளவு நீரில் நிற்கும் குழந்தையைச் சாய்க்கும். தன் படகு கிளப்பிய அலையால் வரும் சேதத்துக்கு ஓட்டியவரே பொறுப்பு. வெள்ளை மிதவையில் ஆரஞ்சு வட்டத்துக்குள் எண் எழுதியிருந்தால் அது வேக எல்லை. ஆரஞ்சு நிறச் சாய்சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் படகே வரக்கூடாது. இதில் எனக்கு வியப்பாக இருந்த ஒரு செய்தி: ஊர் நிர்வாகம் தானாக இந்த எல்லைகளை விதித்துவிட முடியாது. நீர்வழி மத்திய அரசின் அதிகாரத்தில் இருப்பதால், ஊர் மக்களையும் படகுக்காரர்களையும் கலந்துபேசி, காரணங்களோடு விண்ணப்பித்துத்தான் அனுமதி பெற வேண்டும். இப்படிக் கேட்டு, பேசி வந்த விதி என்பதால்தான் பெரும்பாலோர் தாமாகவே மதிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

குடித்துவிட்டுப் படகு ஓட்டினால் கார் ஓட்டியதற்கு உள்ள அதே குற்றச்சாட்டு வரும். தண்டிக்கப்பட்டால் காருக்கான ஓட்டுநர் உரிமமும் பறிபோகும். இதைத் தம்பிக்காக எழுதவில்லை, அவன் அப்படிப்பட்டவன் அல்ல. மாமா வேலைக்கு வைக்க நினைக்கும் அந்த ஆளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தம்பி லாரி ஓட்டிப் பழகியவன். சாலையில் இடப்பக்கம் போய்ப் பழகிய கை, எதிரே படகு வந்தாலும் இடப்பக்கமே திரும்பும். நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டு கப்பல்களுக்காக வகுத்த சர்வதேச விதி. இந்த ஏரியிலும் அதுதான் நடைமுறை. நம் துறையில் ஓட்டுபவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள் என்று பழைய பரிசல்காரர்களிடம் கேட்டு, எல்லோரும் ஒரே முறையைக் கடைப்பிடிக்குமாறு பேசி முடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பழக்கம் என்றால் ஆற்றின் நடுவில் யார் யாருக்கு வழிவிடுவது?

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதே காலையில் கை விறைக்கிறது. இன்னும் சில வாரங்களில் பெரியவர் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிடுவார். தை மாதத்தில் ஏரி உறைந்து, அதன் மேலே குடில் போட்டு, துளையிட்டு மீன் பிடிப்பார்கள். பனி உருகிய பிறகு சித்திரை, வைகாசியில் வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் மட்டும் பனிக்கட்டி போலக் குளிர்ந்தே இருக்கும். அப்போது விழுபவர்களுக்காக 1, 10, 1 என்று ஒரு கணக்குச் சொல்லித் தருகிறார்கள். மூச்சுத் திணறலைக் கட்டுப்படுத்தி நிதானத்துக்கு வர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு நீந்த முடியாமல் மூழ்குகிறார்கள். ஜாக்கெட் போட்டவர்களுக்கே அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறது. நம் காவிரியில் இந்தக் குளிர் கிடையாது. ஆனால் மேட்டூரில் திறப்பைக் கூட்டினால் இழுக்கிற இழுப்பில், சேலை காலைச் சுற்றிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு நீச்சல் தெரிந்திருந்து என்ன பயன்? "நான் ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவன்" என்று சொல்லும் பயணிகளுக்கும் சேர்த்துத்தான் ஜாக்கெட் என்பதைத் தம்பி முதல் நாளிலிருந்தே கறாராக நடத்த வேண்டும். முதல் நாள் விட்டுக்கொடுத்தால் பிறகு எந்த நாளும் பிடிக்க முடியாது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அம்மா. டொரொண்டோவுக்குப் போகும் நண்பர் ஸ்கார்பரோவில் ஈழத் தமிழர் கடையிலிருந்து கொள்ளும் பருப்பும் வாங்கி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அரிசிப் பருப்புச் சோறு செய்து நெய் விட்டுச் சாப்பிடுகிறேன். மூன்று நாள் வரும். கோடை முடிந்து விடுதிக்கு ஆள் வரவு குறைந்ததால் வேலை நேரமும் குறைந்திருக்கிறது, அதனால் நல்ல ஓய்வு கிடைக்கிறது. அறையில் இப்போது இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், வாடகை பகிர்ந்துபோகிறது.

ஆடிப்பெருக்கு அன்று வேலை முடிந்து ஏரிக்கரைக்குப் போனேன். படகுகள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. நம் துறையில் என்றால் அந்திக்குள் முளைப்பாரி விட்டு முடித்து, அப்பத்தா எல்லோருக்கும் கலந்த சாதத்தைக் கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார். கரையில் அத்தனை கூட்டம் இருந்தும் தமிழில் ஒரு வார்த்தை பேச எனக்கு ஆள் இல்லை, அம்மா. உங்களை எல்லாம் பார்க்க வேண்டும் என்று அன்று இருந்த தவிப்பு இப்போது எழுதும்போதும் இருக்கிறது. இதை நினைத்து நீங்கள் வருந்த வேண்டாம்.

அப்பா, படகுத் தொழில் வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. அக்கரையில் பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறவர்களுக்குப் படகு இல்லையென்றால் எவ்வளவு சுற்று என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் 2009 செப்டம்பரில் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததையும், 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகில் 22 பேர் போனதையும் அருள்கூர்ந்து மாமாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். இங்கே சிறிய படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு சக்தியுள்ள எஞ்சின் தாங்கும் என்று ஒரு தகடு அடித்திருக்கிறார்கள். நம் படகிலும் பக்கவாட்டில் பெரிய தமிழ் எழுத்தில் "இத்தனை பேர் மட்டும்" என்று எழுதிவிட்டால், ஏறுகிறவர்களே எண்ணிப் பார்ப்பார்கள். திருவிழா நாளில், "ஒரு நடை தானே, இன்னும் நான்கு பேர் ஏறட்டும்" என்று மாமா சொன்னால் தம்பி மறுத்துப் பேச வேண்டும். மாமாவிடம் அவனால் பேச முடியாது என்பதால் நீங்கள் துணை நிற்க வேண்டும். நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகைப் பதிவு செய்து, ஆய்வு செய்து சான்று பெற வேண்டும். சான்று கைக்கு வரும் முன் ஒருவரைக்கூட ஏற்ற வேண்டாம்.

பணம் பற்றி எழுதியிருந்தீர்கள். படகில் நம் பங்குக்காக வாய்க்கால் மேட்டு நிலத்தை அடகு வைக்க வேண்டாம். மஞ்சள் அறுவடையாகி விலை தெரியும் வரை மாமாவைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பங்குக்கு என்னால் ஆனதைத் தை மாதம் அனுப்புகிறேன், அதற்கு முன் வங்கியில் ஒரு சிறு தாமதம் இருக்கிறது. ஆனால் ஜாக்கெட் வாங்கும் செலவு முழுவதும் என்னுடையது, அதை அடுத்த மாதமே அனுப்பிவிடுவேன். பெரியவர்களுக்கு எத்தனை, குழந்தைகளுக்கு எத்தனை என்று தம்பியைத் தனித்தனியாகக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கூடவே 15 மீட்டர் நீளத்தில் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க வாளி, விசில், டார்ச், எஞ்சின் நின்றால் தள்ளிவர இரண்டு துடுப்புகள் ஆகியவற்றையும் அவன் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தங்கையின் ஜாதகத்தைக் கேட்ட கோபிச்செட்டிபாளையத்து வீட்டாருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. பையன் வேலையை ஈரோட்டில் இருக்கும் சின்ன மாமா மூலமாக நேரில் விசாரியுங்கள், அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பத்தாவைக் கண் மருத்துவரிடம் காட்டுவதைத் தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். தம்பியைத் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எந்தப் படகு, என்ன எஞ்சின், எத்தனை ஆள் தாங்கும் என்ற விவரம் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகன்