வீட்டுப் பணியாளர் ஞாயிறு: எங்கள் ஆலயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கனம் ஆயர் ஐயா அவர்களுக்கும், ஆலயக் குழு அங்கத்தினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ‘வீட்டுப் பணியாளர் ஞாயிறு’ என்று ஆசரிக்கப்போவதாக ஆராதனையில் அறிவிப்பு வாசித்தீர்கள். சிறப்புச் செய்தி, நம் சபையில் வீட்டு வேலை பார்க்கும் சகோதரிகளுக்குப் பொன்னாடை, அப்புறம் ஆலய வளாகத்தில் ஐக்கிய விருந்து. நல்ல காரியம். அதை முன்மொழிந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நன்றி. ஆனால் ஆராதனை நேரம் காலை 8.30 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அந்தச் சகோதரிகள் ஆலயத்தில் இருக்க மாட்டார்கள். நம்முடைய வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

மிகைப்படுத்தவில்லை. பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் வீடு சந்திப்புக்குப் போகிறவள் நான். வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீடு, வேலைக்குப் போகிறவரின் வீடு, இரண்டுக்கும் போய் ஜெபித்துவிட்டு வருகிறேன். அதனால் நம் ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். காலை 6 மணி ஆராதனையில் பின் வரிசைகளில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். ஆசீர்வாதம் கூறியதும் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கொஞ்சம் நின்று பேசிவிட்டுப் போகக் கூடாதா என்று நம்மில் சிலர் முணுமுணுப்பதும் உண்டு. நாம் எட்டரை ஆராதனைக்குப் புறப்படுவதற்குள் வீடு பெருக்கி முடிக்கத்தான் அவர்கள் ஓடுகிறார்கள். நாம் ஆலயத்தில் இருக்கும் நேரத்தில் வெங்காயம் உரித்து, இஞ்சி பூண்டு அரைத்து, கறியைக் கழுவி வைக்க வேண்டும். ஞாயிறு என்றால் கிறிஸ்தவ வீட்டில் பிரியாணி. மத்தியானம் விருந்தாளி வேறு. மற்ற நாளில் ஒரு மணி நேரத்தில் முடிகிற பத்துப் பாத்திரம் அன்றைக்கு இரண்டு மணி நேரம் இழுக்கும். அதற்குத் தனியாகக் காசு கொடுக்கிற வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இவர்களில் பலர் முன்பு நம் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர்கள். 2000-க்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்து சென்னையின் தென்கோடியில் உள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அனுப்பினார்கள். வீடு அங்கே போனது, வேலை இங்கேயே நின்றுவிட்டது. 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் ஞாயிறு விடியற்காலையில் அந்தப் பேருந்துக்காக எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நின்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அங்கிருந்து ஆறு மணி ஆராதனைக்கு வருகிற பெண்ணின் விசுவாசத்தைப் பற்றி யாரும் சாட்சி சொல்வதில்லை.

பத்துக் கற்பனைகளைச் சிறுவயதில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவர்கள் குழுவிலேயே இருக்கிறீர்கள். நாலாம் கற்பனையை முழுவதும் சொல்லிப் பாருங்கள். நீ வேலை செய்யாதே என்பதோடு அது நிற்கவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன் என்று ஆள் ஆளாக எண்ணிச் சொல்கிறது. வேலைக்காரி சட்டத்திலேயே இருக்கிறாள். உபாகமம் இன்னும் ஒரு படி மேலே போய், உன்னைப்போல அவளும் இளைப்பாற வேண்டும் என்று காரணமும் சொல்கிறது. நம் ஓய்வு நாளோ அவளுடைய உழைப்பின்மேல்தான் நிற்கிறது. இந்த நிலைமையில் பொன்னாடை எதற்கு?

ஆகவே என் முதல் வேண்டுகோள் ஒன்றுதான். சம்பளம் பிடிக்காத வாராந்திர விடுமுறையை நம் சபைக் குடும்பங்களின் வழக்கமாக்குங்கள். முடிந்தவரை அது ஞாயிறாக இருக்கட்டும். குழுவில் தீர்மானம் போட்டு, பீடத்திலிருந்து வாசித்து, சபை மடலில் அச்சிடுங்கள். பொன்னாடையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோதே மறுப்பு வந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை வைத்துக்கொண்டு எப்படி லீவு விடுவது என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட வீட்டில் ஞாயிறுக்குப் பதில் வாரத்தில் வேறொரு நாள் விடலாம், ஆராதனைக்குப் போகிற மூன்று மணி நேரமாவது ஞாயிறன்று விடலாம். அந்த மூன்று மணி நேரம் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வாலிபர் சங்கத்தில் ஆள் இல்லையா? இன்னொருவர், லீவு விட்டால் இன்னொரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள் என்றார். போவார்கள்தான். ஆறு நாள் சம்பளத்தில் ஏழு நாள் சாப்பிட முடிந்தால் யார் போகப்போகிறார்கள்?

இங்கே சம்பளப் பேச்சு வந்துவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. சாதாரண வேலைக்கு மணிக்கு 37 ரூபாய். ஆலய வாசல் கடையில் அந்தக் காசுக்கு மூன்று டீ வராது. போதாது என்று தொழிலாளர் சங்கங்கள் அப்போதே சொன்னன. அப்படியொரு உத்தரவு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. சமையலும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்தக் குறைந்த கூலியைக்கூட எட்டாத வீடுகள் நம் சபையில் உண்டு. தசமபாகத்தைப் பைசா சுத்தமாகக் கொடுக்கும் வீடுகளும் அதில் அடக்கம். அறுத்தவர்களின் கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை நிலச்சுவான்தார்களுக்கு எழுதியது என்று நினைத்துக் கடந்துபோகிறோம். வரவில்லை என்றால் பிடித்தம், பண்டம் உடைந்தால் பிடித்தம், அட்வான்ஸ் கொடுத்த மாதத்திலிருந்து குரலில் ஒரு அதட்டல். இதெல்லாம் கூலியைப் பிடிப்பதில்தான் சேரும்.

தீர்மானத்தைச் சபையாரிடம் கொண்டுபோகும் முன் குழு தன் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆயர் மனையில் வேலை பார்க்கும் அம்மாவுக்கும், ஆலயத்தைப் பெருக்கிக் கழுவும் இரண்டு பெண்களுக்கும் வார விடுமுறை உண்டா? சம்பளம் எந்தக் கணக்கில் போகிறது? அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? அறுப்பின் பண்டிகை முடிந்து நாம் ஏலப் பொருளைக் காரில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, விருந்துப் பாத்திரங்களை இருட்டும் வரை தேய்ப்பது இவர்கள்தான். ஜூன் மாத ஐக்கிய விருந்துக்கும் அதே பெண்கள் தேய்க்கப்போகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. குழுவின் ஆண்கள் தேய்க்கலாம் என்பது என் யோசனை. சிரிக்காதீர்கள், பெரிய வியாழன் அன்று கால் கழுவும் சபை இது.

அடுத்தது பதிவு. வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் தமிழ்நாட்டில் 2007-லேயே வந்துவிட்டது. 18 வயது முதல் 60 வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, பிரசவ உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனால் பதியாதவருக்கு எதுவும் இல்லை, பதிந்தும் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறைய. இன்ன வேலை செய்கிறார் என்று சான்று வேண்டும், விண்ணப்பம் ஆன்லைனில் போக வேண்டும். வேலை கொடுப்பவர் ஒரு கையெழுத்துப் போட யோசிக்கிறார், நாளைக்குக் கோர்ட்டு கேஸ் என்று ஏதாவது வருமோ என்று பயம். நம் சபையில் வக்கீல்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற அரசு அலுவலர்கள் இருக்கிறார்கள், லேப்டாப்போடு சுற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறப்புச் செய்தியைவிட ஒரு பதிவு முகாம் பலனுள்ளது.

இன்னும் கடினமான காரியம், வீட்டுக்குள் நடப்பவை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவில் அவர் புகார் கொடுக்கலாம். முகாந்திரம் இருந்தால் குழு 7 நாளுக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும். இது சபையில் எத்தனை பெண்களுக்குத் தெரியும்? நகை காணவில்லை என்றால் முதலில் காவல் நிலையத்துக்கு இழுக்கப்படுவது இவர்கள்தான். மறுநாள் அது பீரோவின் அடித்தட்டில் கிடைத்தால் மன்னிப்புக்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் கூடப் போய் நிற்க ஒரு வக்கீலும் ஒரு மூப்பரும் வேண்டும். வேலை கொடுத்தவரும் நம் சபைக்காரர் என்றால் யார் பக்கம் நிற்பது என்று தயங்குவீர்கள். அதை இப்போதே பேசி முடிவு செய்து வைப்பது நல்லது.

தென் மாவட்டங்களிலிருந்து ‘படிக்க வைக்கிறேன்’ என்று சொல்லிக் கூட்டி வரும் பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லிருந்தே தடை. சொந்தக்காரப் பிள்ளை என்று சொன்னாலும், அது பள்ளிக்கூடம் போகிறதா இல்லையா என்று வீடு சந்திப்புக்குப் போகிற நாங்கள் பார்க்கத்தான் போகிறோம்.

சபை இதிலெல்லாம் தலையிடலாமா, இது அரசியல் அல்லவா என்று குழுவில் ஒருவர் கேட்பார். யார் என்றுகூட என்னால் ஊகிக்க முடியும். ஹாங்காங்கில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் புனித யோவான் பேராலயத்தில் 1981-லிருந்து புலம்பெயர் தொழிலாளருக்கான ஊழியம் நடக்கிறது. பிலிப்பைன்சிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த வீட்டுப் பணிப்பெண்கள் சம்பளப் பாக்கிக்கும் அடி உதைக்கும் நியாயம் தேடி அங்கே போகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை அங்கே சட்டம். ஞாயிறன்று நகரத்தின் நடுமையம் முழுக்க அந்தப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பெல்ஜியத்திலிருந்து வந்த கத்தோலிக்க சகோதரி ஜீன் டிவோஸ் 1985-ல் மும்பையில் தொடங்கிய தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கம் தமிழ்நாட்டிலும் வேலை செய்கிறது. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கத்தோலிக்கர் என்பதால் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கும். 2011 ஜூன் 16-ம் தேதி ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. இந்தியா அன்றைக்கு ஆதரித்து வாக்களித்தது, இன்று வரை ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. சரி, நாம் ஒரு சபை, நம்மால் சட்டம் போட முடியாது. பேராயத்தின் சார்பில் தொழிலாளர் துறைக்கும் நம் தொகுதி எம்.பி.க்கும் ஒரு மனு எழுத முடியும். கல்லறைத் தோட்டத்துக்கு இடம் கேட்டு எத்தனை மனு எழுதியிருக்கிறோம்!

செய்தி கொடுப்பவருக்கு ஒரு சின்ன விண்ணப்பம். வேலையில் ஓடிய மார்த்தாள், இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்ட மரியாள், இவர்களுடைய பகுதியை அன்றைக்கு எடுக்க வேண்டாம். நல்ல பங்கு பாதத்தருகே உட்காருவது என்றால், பாத்திரம் யார் கழுவுவது என்று பின் வரிசை மனதுக்குள் கேட்கும். ஆகாரை எடுங்கள். எஜமானியின் கையில் கஷ்டப்பட்டு ஓடிவந்த வேலைக்காரி அவள், கர்த்தருக்குப் பெயரிட்டவளும் அவளே. ஆனால் திரும்பிப் போய் அடங்கியிரு என்ற வசனத்தோடு பிரசங்கத்தை முடித்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சந்தா பாக்கி இருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது என்கிற விதியினால், இந்தப் பெண்களில் பாதிப் பேருக்குச் சபைத் தேர்தலில் ஓட்டில்லை. குழுவில் அவர்களில் ஒருவரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவர்களுக்காக நாம் தீர்மானம் போடுவதைவிட அவர்களே உட்கார்ந்து போடுவது நல்லது. தேர்தல் வருவதற்கு முன் அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்ய வழியிருக்கிறதா என்று பொருளாளர் பார்த்துச் சொல்லட்டும்.

பதிவு முகாமுக்குப் பெண்கள் ஐக்கியம் தயார். ஞாயிறு பள்ளி ஹாலின் சாவியும், அலுவலக ஜெராக்ஸ் மெஷினும் வேண்டும். வேலை முடித்து வருகிறவர்களுக்காக மாலை 7 மணிக்குத்தான் வைக்க முடியும், அதனால் வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹால் வாடகையை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கியத்தின் அங்கத்தினர் ஒருவர்