ஜோனி மிட்செல்: நோய்க்கு முன்பிருந்த ஐம்பது ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிட்செலைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுதப்படுவது அரிது என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால், 2015 ஆம் ஆண்டு மூளையின் இரத்தக்குழாய் புடைப்பினால் நினைவிழந்து, பேச்சையும் நடையையும் புதிதாகக் கற்று, எண்பது வயதில் கிராமி இசை விருது விழா மேடையில் பாடிய மூதாட்டி என்பதோடு அக்கட்டுரை நின்றுவிட்டது எனக்கு வருத்தமளித்தது. அந்த மீட்சி பெரியதுதான். எனினும் ரசிகர்கள் அவர்மீது வைத்திருக்கும் மதிப்பு அந்த நோய்க்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. அவர் இசையில் செய்த வேலையைக் கேட்டு வந்த மதிப்பு அது; அந்த வேலையின் அருமையை எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் அவருடைய சக கலைஞர்கள்.

சொல்லையும் மெட்டையும் தாமே அமைப்பவரை வாக்கேயக்காரர் என்று நம் இசை மரபு அழைக்கிறது. மிட்செலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 1943 இல் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிறந்து சஸ்கட்டூன் நகரில் வளர்ந்த அவரை ஒன்பதாம் வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அதனால் இடது கை பலவீனமானது. கிட்டாரின் வழக்கமான சுருதியில் கடினமான கார்டுகளை (பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கூட்டுகளை) பிடிக்க அந்தக் கை இடம் தராதபோது, அவர் கையை வருத்துவதை விட்டுத் தந்திகளையே வேறு வேறு விதமாகச் சுருதி கூட்டிக்கொண்டார். இப்படி அவர் கையாண்ட சுருதி அமைப்புகள் ஐம்பதுக்கும் மேல். விரலை எளிதாக வைத்தாலும் கார்டு விரிந்து ஒலிக்கும். ஆனால் முடிந்துவிட்டது என்ற நிறைவைத் தராது, விடை வராத வினாவைப் போல அந்தரத்தில் நிற்கும். அவரே இவற்றை வினவும் கார்டுகள் என்ற பொருளில்தான் குறிப்பிட்டார். ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி அன்று. அவருடைய பாடல்களின் சொற்கள் பிடிபடுவதற்கு வெகுநாள் முன்பே அந்தக் கிட்டார் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

இந்த வேலையை முதலில் வியந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1967 இல், ஃபுளோரிடாவில் ஒரு சிறிய இசைக்கூடத்தில் அவர் பாடக் கேட்ட பாடகர் டேவிட் கிராஸ்பி, அவரை லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்து வந்து 1968 இல் வெளியான முதல் இசைத்தட்டைத் தயாரித்துக் கொடுத்தார். தயாரிப்பாளர் என்ற முறையில் கிராஸ்பி செய்த பேருதவி, பெரிய வாத்தியக் கூட்டம் எதையும் சேர்க்க விடாமல், குரலும் கிட்டாரும் துலங்கும்படி காத்ததுதான். அதற்கு முன்பே பாடகி ஜூடி காலின்ஸ், மிட்செல் தம் இருபத்து மூன்றாம் வயதில் எழுதிய 'போத் சைட்ஸ் நவ்' என்ற பாடலைத் தம் குரலில் பதிவு செய்திருந்தார். அப்பாடல் 1968 இல் அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. இயற்றியவரின் குரலில் அது வெளிவந்ததோ 1969 இல்தான். தமக்கு நிகராகவோ தம்மைவிட மேலாகவோ வரக்கூடிய ஒரு பெண்ணின் பாட்டை முதலில் ஊரறியச் செய்து, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடைக்கும் அவரை அழைத்துச் சென்ற ஜூடி காலின்ஸின் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 1969 இல் வுட்ஸ்டாக் விழாவுக்குப் போக வாய்க்காமல் நியூயார்க்கில் தங்கிவிட்ட மிட்செல் அவ்விழாவைப் பற்றி எழுதிய பாடலை, அங்கே நேரில் பாடிவிட்டு வந்த கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் ஆகிய நால்வரும் தங்கள் பாடலாகவே ஏற்றுப் பாடினார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1971 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹாலிவுட்டில் ஒரே கட்டடத்திற்குள் இருந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் மிட்செல் 'புளூ' தொகுப்பையும் பாடகி கரோல் கிங் 'டேப்பஸ்ட்ரி' தொகுப்பையும் பதிவு செய்தார்கள். பாடகர் ஜேம்ஸ் டெய்லர் இரண்டிலும் கிட்டார் வாசித்தார். கிங்கின் பாடல் ஒன்றில் டெய்லரும் மிட்செலும் பின்னணியில் உடன் பாடினார்கள். மிட்செல், கிங் இருவரில் யார் பெரியவர் என்று நாம் இன்றைக்கும் வாதிட்டுக்கொண்டிருக்க, மிட்செலோ கிங்கின் பாட்டுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். ரசிகர்களாகிய நாங்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரசிகர்கள் அவருக்குச் செய்த குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. 1970 இல் இங்கிலாந்தின் வைட் தீவு இசை விழாவில் கூட்டம் கூச்சலிட்டு இடையூறு செய்தபோது, அவர் கண்ணீருடன் மரியாதை காட்டும்படி கேட்டுக்கொண்டு, பிறகு தொடர்ந்து பாடினார். பழைய பாடல்களையே கேட்ட இன்னொரு கூட்டத்திடம், ஓவியர் வான்கோவிடம் போய் முன்பு வரைந்த படத்தையே மறுபடி வரையும்படி யாரும் கேட்டதில்லையே என்று சொன்னார். தாமே ஓவியரும், தம் இசைத்தட்டுகள் பலவற்றின் அட்டைப்படங்களை வரைந்தவருமான ஒருவர் இதைச் சொன்னதை வெறும் சலிப்பு என்று கொள்ளக் கூடாது. 1976 இல் ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் கிட்டாரோடும், அடுத்த ஆண்டு முதல் வேய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோனோடும் அவர் ஜாஸ் இசையை நோக்கி நடந்தபோது, பழைய ரசிகர்களில் பலர் உடன் செல்லவில்லை. நோயுற்றுச் சக்கர நாற்காலியில் இருந்த ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் அவரை அழைத்துத் தம் மெட்டுகளுக்குச் சொல் எழுதித் தரக் கேட்டார். 1979 ஜனவரியில் மிங்கஸ் மறைந்த பிறகே அப்பாடல்கள் அடங்கிய இசைத்தட்டு வெளிவந்தது. நாட்டுப்புறப் பாடகி என்று நாம் பெயர் ஒட்டி வைத்திருந்தவரைத் தம் கடைசி மெட்டுகளுக்குரியவராக மிங்கஸ் தேர்ந்ததைவிடப் பெரிய பாராட்டு எது? அந்த இசைத்தட்டில் பியானோ வாசித்த ஹெர்பி ஹேன்காக், பல ஆண்டுகள் கழித்து மிட்செலின் பாடல்களை மையமாக வைத்து உருவாக்கிய தொகுப்பு, 2008 இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. ஜாஸ் தொகுப்பு ஒன்றுக்கு அவ்விருது 43 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான் கிடைத்தது.

குரல் மாறியதைப் பற்றியும் கட்டுரை பரிவோடு ஒரு வரி சொல்லிச் சென்றது. உயரமாகப் பறந்து திரிந்த இளமைக் குரல் காலப்போக்கில் கீழிறங்கிக் கனத்துவிட்டது உண்மை. 2000 ஆம் ஆண்டில், பெரிய வாத்தியக் குழுவுடன் 'போத் சைட்ஸ் நவ்' பாடலை அவர் மீண்டும் பாடி வெளியிட்டார். நான் முதலில் கேட்டது இந்தப் பதிவைத்தான். 1969 ஆம் ஆண்டுப் பதிவைப் பிறகே கேட்டேன். வாழ்க்கையை இரு பக்கமும் பார்த்துவிட்டும் அதை அறியவில்லை என்னும் கருத்து, இருபத்தைந்து வயதுக் குரலில் அழகான ஊகமாகவும் ஐம்பத்தாறு வயதுக் குரலில் பட்டறிந்து சொன்ன சாட்சியாகவும் ஒலிக்கிறது. எனவே அந்தக் குரல் தேய்ந்துபோயிற்று என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பாட்டுக்கு வேண்டிய வயதை அது அடைந்தது என்றே எழுதுவேன்.

இத்தனையும் தெரிந்த பிறகு 2022 ஜூலையில் நியூபோர்ட்டில் நடந்ததைப் பார்த்தால், அது வேறாகத் தெரியும். அவர் நோயிலிருந்து தேறிவந்த ஆண்டுகளில் பிராண்டி கார்லைல் முதலிய இளைய கலைஞர்கள் அவருடைய இல்லத்தில் கூடிப் பாடி வந்தார்கள். ஹேன்காக்கும் அங்கே வந்திருக்கிறார். முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர் மெல்ல மெல்லத் தாமும் சேர்ந்து பாடத் தொடங்கினார். கடைசியாக 1969 இல் பாடிய அதே விழாவில், 53 ஆண்டுகள் கழித்து, அவர்கள் சூழ அமர்ந்திருக்க அவர் பாடினார். எழுந்து நின்று கிட்டாரும் வாசித்தார். விரல்களை எங்கே வைப்பது என்பதைத் தம் பழைய காணொளிகளில் தம் கைகளையே பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவர் சொன்னார். ஒன்பது வயதில் பலவீனமான கைக்காகச் சுருதியையே மாற்றியவர், எழுபத்தெட்டு வயதில் அதே கைகளிடம் மாணவியாக அமர்ந்திருக்கிறார். கட்டுரை கண்ட மீட்சிக்குள் இந்த வேலையும் இருந்தது.

அவருடைய தோழர்களில் கவிஞரும் பாடகருமான லியோனார்ட் கோஹன் 2016 இலும், கிராஸ்பியும் ஷார்ட்டரும் 2023 இலும் மறைந்தார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் அஞ்சலிக் குறிப்புகளே. மிட்செல் விஷயத்தில் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று தங்களை வேண்டிக்கொள்கிறேன். அவருடைய சுருதி அமைப்புகளைப் பற்றி, கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதச் செய்யுங்கள். ஜூடி காலின்ஸுக்கும் கரோல் கிங்குக்கும் தனித்தனியே இடம் கொடுங்கள். பாடல்களைத் தேடிக் கேட்க விரும்பும் புதிய வாசகர்களுக்கு, 1969, 2000 ஆகிய இரு பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்படி அதில் ஒரு வரி சேர்த்தால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்