நூலக வைஃபைக்கு உறுப்பினர் அட்டை போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரையுள்ள கேரள எல்லையோர ஊர்களில், நூலகத்துக்கு வரும் இளைஞர்கள் பலர் மடிக்கணினியும் கையுமாகவே வருகிறார்கள். பழைய வினாத்தாள்களைத் தரவிறக்கவும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் அவர்களுக்கு இணையம் வேண்டும். வைஃபை இருந்தும், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்கும் முறை சிலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

நான் செல்லும் நூலகத்தில் அண்மையில் ஒரு மாணவியைக் கண்டேன். வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியை அவருடைய தாயார் முந்திரி ஆலைக்குக் கொண்டு சென்றிருந்தார். வேலை நேரத்தில் அது பைக்குள் கிடக்கும். உணவு இடைவேளையில் அவர் எடுத்துப் பார்க்கும்போது ஓடிபி காலாவதியாகியிருக்கும். அந்தப் பெண் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தது மனத்தை வருத்தியது.

பொது வைஃபையைப் பயன்படுத்துவோர் யாரென்ற பதிவு தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், தொலைத்தொடர்புத் துறை 2009இல் வழங்கிய அறிவுறுத்தலிலேயே, கைப்பேசிக்குக் கடவுச்சொல் அனுப்புவதோடு, புகைப்பட அடையாளச் சான்றின் நகலைப் பெற்று ஓராண்டு பாதுகாக்கும் வழியும் சொல்லப்பட்டிருந்தது. உறுப்பினராகச் சேரும்போதே அந்த நகலைப் பெற்றுக்கொண்டு, அட்டை எண்ணையே பயனர் பெயராக வழங்குவதில் என்ன தடை இருக்க முடியும்?

மின்சார வசதியையும் சொல்லியாக வேண்டும். 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் சில இன்று தம்பி, தங்கையரின் கைகளில் இருக்கின்றன. பேட்டரி தேய்ந்துபோனதால் மின்னிணைப்பு இல்லாமல் அவை இயங்குவதில்லை. ஒரே பிளக் பாயிண்டுக்கு நால்வர் காத்திருக்க, நடைவழியின் குறுக்கே கிடக்கும் வயரில் முதியவர்கள் கால் இடறுகிறார்கள். சுவரோரம் நாலைந்து பிளக் பாயிண்டுகள் அமைத்தாலே இருதரப்பினரின் குறையும் தீரும். ரூட்டரையும் அலுவலக அறையிலிருந்து வாசிப்புக் கூடத்துக்கு மாற்ற வேண்டும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவர்களைக் கடக்கையில் அதிகம் வலுவிழக்கும்.

சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்தும் குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். அட்டை எண் வழியாக இணையம் வழங்கும் ஏற்பாட்டை, பொது நூலகத் துறை எல்லையோரக் கிளை நூலகங்களில் முதலில் தொடங்கிவைக்குமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், களியக்காவிளை